ஒளி நுழைய ஓர் இடைவெளி



வைத்தியர் பேச வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் இன்று கொஞ்சம் பௌதிகவியல் பேசப் போகிறேன்.

உயர்தர வகுப்பில் எங்கள் ரீச்சர் தண்ணீர் நிறைந்த கிளாசைக் கையில் தந்து, மேலிருந்து சரிவாகப் பார்க்கச் சொன்னா. கிளாசின் பக்கம் வெள்ளி பூசியதுபோல மினுங்கியது; பிடித்திருந்த விரல்கள் தெரியவில்லை. முழு உட்தெறிப்பு. ஈரவிரலை இறுக்கி அழுத்தியதும் ரேகைகள் மட்டும் துலக்கமாகத் தெரிந்தன. தெறிக்கும் ஒளி கண்ணாடிக்கு வெளியேயும் மிகச் சிறு தூரம் எட்டிப் பார்க்கிறது. அந்தத் தூரத்துக்குள் விரல் வந்தால் அதற்குள் பாய்ந்துவிடும்.

பயிற்சி வைத்தியராக இருந்தபோது, நெஞ்சுவலியோடு வந்த ஓர் அம்மாவின் இரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலருகில் காத்திருந்தேன். முடிவு வரும்போது விடிந்துவிட்டது. அவ தப்பிவிட்டா. நான்தான் அந்த இரவை மறக்கவில்லை.

அதனால்தான் இந்தக் கண்ணாடிக் குண்டுகளில் எனக்கு ஆர்வம். தலைமயிரின் பருமனளவு குண்டுக்குள்ளும் ஒளி உட்சுவரோடு சுற்றிச் சுற்றி ஓடும். மேற்பரப்பில் புரதம் ஒட்டினால் அதன் பரிவு அலைநீளம் சற்றே நகரும். 2002 இல் பிராங்க் வோல்மரும் கூட்டாளிகளும் இப்படிப் புரதத்தைக் கண்டறிந்தார்கள்.

ஒளியை உள்ளே விடுவதுதான் பாடு. ஒளியியல் நாரைச் சூடாக்கி இழுத்து, ஓரிரு மைக்ரோமீற்றருக்கு மெலிதாக்கி, குண்டருகே பிடிக்கிறார்கள். தூரத்தில் இருந்தால் ஒளி குண்டைக் கவனியாமல் போய்விடும். மிக நெருங்கினால் புகுந்த ஒளி உடனே வெளியேறிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் குண்டு தன்னுள் இழக்கும் பங்கும் நாருக்குத் திரும்பக் கசியும் பங்கும் சமமாகும் இடைவெளி ஒன்று உண்டு. அங்கே, கசியும் ஒளியும் நேரே போகும் ஒளியும் ஒன்றையொன்று அழிக்க, நாரின் மறுமுனை இருண்டுவிடும். ஒளி முழுவதும் குண்டுக்குள். 2000 இல் கல்டெக் ஆய்வாளர்கள் இதைச் செய்துகாட்டினார்கள்.

அந்த இடைவெளி ஒரு மைக்ரோமீற்றரிலும் குறைவு. மின்விசிறியும் தூசியும் உள்ள எங்கள் வார்டில் அந்த நார் ஒரு நாள்கூடத் தாங்காது. ஒளிவழியையும் வளையத்தையும் ஒரே சில்லில் பொறித்தால் இடைவெளி அசையாது. பிழைத்துப் பொறித்தால் திருத்துவதும் கடினம். இருந்தாலும் எனது நம்பிக்கை சில்லில்தான்.

தங்கச்சிமாரே, தேநீர் மேசையில் தண்ணீர்க் கிளாசுகள் இருக்கின்றன. விரலை நனைத்துப் பிடித்துப் பாருங்கள்.