மறைத்த துயரம்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மறைத்தல் என்னும் சொல் ஒன்றே. அது குறிக்கும் செயல் இரண்டு. உழவன் விதையை மண்ணுள் மறைக்கிறான். கள்வனும் களவுப் பொருளை மண்ணுள் மறைக்கிறான். முன்னது காத்தல், பின்னது கரத்தல். துயரத்தை மறைக்குங்கால் நாம் செய்வது இவ்விரண்டனுள் யாது என்பதே இன்று யாம் ஆராயப் புகுந்த பொருள். இதற்குக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைச் சான்றாகக் கொள்வோம்.

ஜப்பான் நாட்டுக் கியூஷு தீவில், தலைநகருக்கு நெடுந்தொலைவில், ஷிரனூயிக் கடலையொட்டி மினமாட்டா என்னும் ஊர் உளது. அதன் புறத்தே மீன்பிடித்து வாழும் ஏழை மக்களின் சிற்றூர்கள் பல. 1908 ஆம் ஆண்டில் அங்கு ஓர் இரசாயனத் தொழிற்சாலை தோன்றிற்று. பின்னாளில் சிஸ்ஸோ எனப் பெயர்பெற்ற அக்கம்பெனி, 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளைச் செய்தது. அதற்குப் பாதரசம் துணைப்பொருள். கழிவுநீர் விரிகுடாவிற் கலந்தது. அதிலிருந்த மெதில் பாதரசம் மீனிலும் சிப்பியிலும் ஏறி, அவற்றையே உணவாகக் கொண்டார் உடலுட் புகுந்தது.

முதலில் பூனைகள் பித்துற்றனபோல் சுழன்று மடிந்தன. காகங்கள் பறக்கும்போதே வீழ்ந்தன. 1956 ஏப்ரலில், ஆறாண்டு நிரம்பாத பெண்மகவு ஒன்றைத் தொழிற்சாலை மருத்துவமனைக்குக் கொணர்ந்தனர். நடை தளர்ந்தது, நாக் குழறிற்று. சின்னாளில் அதன் தங்கையும் அந்நிலை எய்தியது. மருத்துவமனைத் தலைவர் ஹோசோகவா ஹஜிமே, காரணம் அறியா நரம்புநோய் தோன்றியுளதென மே 1 அன்று சுகாதார நிலையத்திற்கு அறிவித்தார்.

இனி, மறைத்தார் யாவர் எனக் காண்போம். முதலில் மறைத்தது கம்பெனி. 1959 ஜூலையில் குமமோட்டோப் பல்கலைக்கழகத்தார், நோய்க்குக் காரணம் கரிமப் பாதரசமே என்றனர். ஹோசோகவாவும் தொழிற்சாலைக் கழிவுநீரை உணவிற் கலந்து பூனைகட்கு ஊட்டிப் பார்த்தார். அவ்வாண்டு அக்டோபரில் 400 எனும் எண்ணிட்ட பூனைக்கு அந்நோயே கண்டது. கம்பெனியார் அதனை வெளியிட்டிலர். அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று, ஓர் இறப்பிற்கு மூன்று இலட்சம் யென் என ‘அனுதாபப் பணம்’ தந்து, பின்னர்த் தொழிற்சாலையே காரணமெனத் தெரியினும் மேலும் யாதும் கேளோம் என்று துயருற்றாரிடம் கையொப்பம் பெற்றனர். உண்மை அறிந்தார் அறியாரிடம் எழுதி வாங்கிய முறி அது! கழிவும் நிற்கவில்லை. 1968 செப்டம்பரில்தான் அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது. இடையில் கழிந்தன பன்னிரண்டு ஆண்டுகள்.

கம்பெனி மறைத்ததில் வியப்பில்லை. அதற்குப் பொருள் பெரிது. வியப்பும் வருத்தமும் தருவது வேறொன்று. துயருற்றாரே தம் துயரை மறைத்தனர். என்னை? தொற்றுநோய் என அஞ்சிய அயலார் அவர் வாயிலை மிதியாது விலகினர். கடைக்காரர் அவர் காசைக் கையால் வாங்கக் கூசினர். நோய் உண்டெனின் மீன் விலைபோகாது. மகனுக்குப் பெண் கிட்டாது. மகளைக் கொள்வார் இரார். தொழிற்சாலையால் பிழைத்த நகரத்தாரோ, நோயாளரால் ஊருக்குக் கேடு என்றனர். ஆதலின் பல வீடுகளில் நோயாளர் உள்ளறையில் ஒளிக்கப்பட்டனர். அறிகுறி கண்டும் பலர் வாய்திறவாது ஆண்டுகள் பல கழித்தனர். அவ்வமைதி யாருக்குத் துணையாயிற்று? நஞ்சு விட்டாருக்கே துணையாயிற்று. ஏழை மானத்திற்கு அஞ்சிப் பூட்டிய கதவின் பின்னே, செல்வர் குற்றமும் இனிது ஒளிந்திருந்தது.

தாய்மார்களே! நீங்கள் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கருவை ஊட்டிக் காக்கும் உறுப்பை நாம் நஞ்சுக்கொடி என்கிறோம். அது தாயுண்ட நஞ்சைச் சேய்க்குச் செல்லவிடாது என்றே அந்நாள் மருத்துவர் நம்பினர். மினமாட்டாவில் அந்நம்பிக்கை பொய்த்தது. தாய் நலமாயிருக்கப் பிறந்த மகவு நோயுடன் பிறந்தது. இஃது 1962 இறுதியில் உறுதிப்பட்டது. தன் உடலின் நஞ்சைத் தானேற்றுத் தன்னைக் காத்ததென்று, அத்தகைய மகவைத் தன் குடியின் செல்வம் எனப் போற்றினாள் ஒரு தாய்.

உலர்ந்த தொப்புள்கொடியைச் சிறுபேழையில் இட்டுப் போற்றுதல் ஜப்பானியர் வழக்கம். அதனைத் தாயத்தில் அடைத்து அணிவிக்கும் வழக்கம் நம்மவர்க்கும் உண்டு. 1970க்குப் பின் ஆராய்ச்சியாளர் அக்கொடிகளை வாங்கி ஆய்ந்தனர். தொழிற்சாலையின் ஆக்கம் பெருகிய ஆண்டுகளிற் பிறந்தோர் கொடியில் நஞ்சும் பெருகியிருந்தது! கம்பெனி கரந்த உண்மையைத் தாயர் பேழை காத்துவைத்திருந்தது. இதுவே யாம் முற்கூறிய இருவகை மறைத்தல்.

ஹோசோகவாவும் இறுதியில் வாய்திறந்தார். 1970 ஜூலையில், புற்றுநோயாற் படுத்த படுக்கையிலிருந்தே வழக்கிற்குச் சாட்சியம் அளித்தார், அக்டோபரில் மறைந்தார். 1973 மார்ச் 20 அன்று நீதிமன்றம் கம்பெனியே குற்றமுடையதெனத் தீர்த்து, அப்பழைய முறியையும் செல்லாதாக்கிற்று. பின்னர் விரிகுடாவின் நச்சுச் சேற்றை வாரி, 58 ஹெக்டேர் பரப்பில் புதைத்து மேடாக்கினர். 1994 மே 1 அன்று அவ்வூர் நகரத்தலைவர் துயருற்றாரிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். பிரிந்த ஊராரை மீண்டும் ஒன்றுசேர்க்கும் அம்முயற்சிக்கு அவர்கள் இட்ட பெயர், படகோடு படகைப் பிணைத்தல் என்னும் பொருளுடையது. சேற்றைப் புதைக்கலாம், துயரைப் புதைத்தல் ஆகாது என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

அன்பர்களே! கடல்கடந்த கதை என இதனை விடுதல் தகுமோ? நம் குலத்தில் காசநோயுற்ற மகளை உறவினர் கண்ணிற் படாது வைப்பார் இலரோ? மனநோயுற்ற தம்பியை ‘வெளியூர் போயினான்’ என்பார் இலரோ? சம்பந்தம் முறியுமென அஞ்சியன்றோ இவ்வாறு செய்கின்றனர்! காசநோய்க்கு அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணமின்றி மருந்து உண்டு. முறையாக உண்பார் பெரும்பாலோர் தேறுவர். ஆனால் ஒளித்த நோய்க்கு மருத்துவன் இல்லை. ஒளித்த துயர்க்கு ஆறுதல் கூறுவாரும் இல்லை.

இப்பிழை ஒளிப்பாருடையது மட்டுமன்று. அவரை அஞ்சச் செய்யும் நம் அனைவருடையதும் ஆகும். நோயுள்ள வீட்டிற் கொள்வினை கொடுப்பினை விலக்குவார் நாமே. புறம் பேசுவாரும் நாமே. ஆதலின் யாம் இச்சங்கத்தை வேண்டுவது இது: நம்மவர் இல்லத்தில் நோயோ சாவோ நேர்ந்ததெனின், அம்மாதத்திலேயே உறுப்பினர் இருவர் சென்று, திண்ணையோடு திரும்பாது உள்ளே அமர்ந்து அவர் குறை கேட்டு வருக. சொல்லுதற்கு அஞ்சாத வீடும், கேட்டற்குக் கூசாத சுற்றமும் அமையுமாயின், நம் குலத்திற்கு அதனினும் சிறந்த மானம் பிறிதில்லை.