காற்றை வெறுக்கும் உயிர்கள்



மூச்சு நின்றது என்றால் உயிர் போயிற்று என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆனால், காற்றிலுள்ள உயிர்வளி பட்டாலே மாய்ந்துபோகும் உயிர்களும் இம்மண்ணில் உள. அவை தொலைவில் இல்லை. வயற்சேற்றிலும் குளத்து வண்டலிலும் சாணத்திலும், ஏன், நம் குடலுக்குள்ளேயும் அவை குடியிருக்கின்றன.

இவ்வுண்மையை முதலில் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் உலூயி பாசுத்தர். 1861-ஆம் ஆண்டில், கெட்டுப்போன வெண்ணெயில் நாறும் வெண்ணெய்க்காடி எவ்வாறு விளைகின்றது என்று ஆய்ந்துகொண்டிருந்தார். புளித்த நீரில் ஒரு துளியை உருப்பெருக்கியின்கீழ் வைத்தார். துளியின் நடுவே இருந்த நுண்ணுயிர்கள் துள்ளித் திரிந்தன. காற்றுப்பட்ட விளிம்பில் இருந்தவையோ அசைவற்றுக் கிடந்தன. புளிக்கும் நீருக்குள் காற்றைச் செலுத்தினார், புளிப்பே நின்றுவிட்டது. காற்றின்றி வாழ்வதும் ஒரு வாழ்வே என்பது அன்று தெளிவாயிற்று.

உயிர்வளி உடலுள் புகுந்து வினைப்படுங்கால் சில நச்சுப்பொருள்களும் உடன் தோன்றும். அவற்றை அவ்வப்போதே முறிக்கும் நொதிகள் நம் உயிரணுக்களில் நிறைய உள்ளன. இந்நுண்ணுயிர்களிடம் அவை இல்லை; இருப்பினும் போதா. ஆகவேதான் நமக்கு உயிர் தரும் வளி அவற்றுக்குக் கூற்றாகின்றது.

அவ்வாறாயின், காற்று சூழ்ந்த இவ்வுலகில் அவை எங்ஙனம் அழியாமல் நிற்கின்றன? அதற்கு விடை, அவை ஈனும் வித்து. இவ்வினத்திற்கு மேலையர் இட்ட கிளாசுட்ரிடியம் என்னும் பெயர், நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. கோல் போன்ற உடலில் வித்து உருவாகும்போது அவ்விடம் பருத்து, கதிரின் வடிவு தோன்றும். எனவே, கதிருயிரி என்று நாம் சொன்னால் பொருள் சிறிதும் சிதையாது. இவ்வுரையில் அவ்வாறே சொல்லுவேன். உணவு குன்றும்போது, கதிருயிரி தன் மரபுப்பொருளை நீர் வற்றிய உள்ளீட்டில் அடக்கி, சுண்ணமும் ஒருவகைக் காடியும் சேர்த்து இறுக்கி, பல அடுக்கு உறையிட்டு மூடிவிடுகின்றது. அவ்வித்தைக் காற்றும் கொல்லாது, வெயிலும் எளிதிற் கொல்லாது. ஆண்டுகள் பல கழிந்தும், காற்றற்ற ஈரமான இடம் வாய்த்தால் முளைத்தெழும்.

பகைவனின் வலிமையையே அவனைப் பிடிக்கும் கண்ணியாக்கினார் ஒருவர். இசிவுநோய்க்கு, மக்கள் வழக்கில் சொன்னால் ஏற்புநோய்க்கு, மண்ணிலிருந்து வரும் நுண்ணுயிரே பொறுப்பு என்று 1884-இல் செருமனியின் நிக்கோலாயர் காட்டியிருந்தார். ஆனால், மற்ற நுண்ணுயிர்களினின்று அதைத் தனியே பிரிக்க இயலவில்லை. 1889-இல், பெர்லினில் கோக்கு என்னும் பேரறிஞரிடம் பயின்ற சப்பானிய மருத்துவர் கிதசாத்தோ, நோயாளியின் சீழினின்று பெற்ற கலவையைச் செல்சியசு 80 பாகை வெப்பத்தில் வைத்தார். ஏனையவை மடிந்தன, வித்து பிழைத்தது. அதனை நீரகவளி நிறைந்த கலத்தில் வளர்த்து, தூய நிலையில் பெற்றார். உருப்பெருக்கியில் பார்த்தால் அடையாளம் எளிது. கோலின் ஒரு முனையில் உருண்டை வித்து நிற்க, பறையறையும் குணில்போலவே தோன்றும்.

தாய்மார்களே, இச்செய்தி உங்களுக்குரியது. துருப்பிடித்த ஆணிதான் ஏற்புநோய் தரும் என்பது பிழை. துருவில் நஞ்சில்லை, ஆணியோடு ஆழத்திற் புகும் மண்ணில்தான் வித்து உளது. காற்றுப் புகாத ஆழ்புண் அதற்கு நல்ல விளைநிலம். தொப்புள்கொடியில் சாணமும் சாம்பலும் வைத்த வழக்கம் எத்தனை பச்சிளங்குழந்தைகளைக் கொன்றது! பழமை என்பதற்காக அதைப் போற்ற நான் உடன்படேன். கருவுற்ற தாய்க்கு இடும் தடுப்பூசியும், கொடியைத் தூய கருவியால் அறுக்கும் முறையும் பரவியபின் நிலை மாறியது. தாய்சேய் இசிவுநோய் இந்தியாவில் ஒழிப்பு நிலையை எய்தியதாக 2015-இல் உலக நலவாழ்வு அமைப்பு உறுதிசெய்தது. ஆயினும், மண்ணில் வித்து இருக்கும் வரை தடுப்பூசியை விட இயலாது.

இதன் உடன்பிறப்பு ஒன்று உணவில் நஞ்சு வைக்கின்றது. 1895-இல் பெல்சிய நாட்டு எல்லசெல் என்னும் ஊரில், இழவு வீட்டிற்கு இசைக்க வந்தவர்கள் உப்பிட்ட பன்றியிறைச்சி உண்டனர்; பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். வான் எர்மெங்கம் என்பார் அவ்விறைச்சியினின்றே கதிருயிரியைப் பிரித்தெடுத்தார். இசிவுநஞ்சு தசைகளை இறுக்கிக் கொல்லும். இந்நஞ்சோ தளர்த்திக் கொல்லும். நஞ்சு கொதித்தால் அழியும். வித்து கொதிநீரிலும் பிழைக்கும். ஆகவேதான் புட்டியிலடைக்கும் உணவை, அழுத்தக் கலத்தில் 121 பாகைக்கு ஏற்றுகின்றனர். நல்ல புளிப்புள்ள ஊறுகாயில் இவ்வித்து முளைப்பதில்லை.

பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைப்பது நம் வீடுகளில் உண்டு. தேனில் இவ்வித்து இருக்கக்கூடும். பெரியவர் குடலில் அது முளைக்காது கழியும். பச்சிளங்குடலிலோ முளைத்து அங்கேயே நஞ்சு ஈனும். இந்நோய் 1976-இல் கலிபோர்னியாவில் அடையாளம் காணப்பட்டது. ஓராண்டு நிறையும் முன் குழந்தைக்குத் தேன் தருதல் ஆகாது. பாட்டிமார்கள் சினந்தாலும் சரி, இதை நான் சொல்லியே தீர்வேன்.

கொலைத்தொழில் இவ்வினத்தில் சிலவற்றுக்கே உரியது. மற்றவை மாவை, மரநாரை, புரதத்தைச் சிதைத்து வாழ்கின்றன. உயிர்வளி இன்மையால் உணவை முற்றும் எரிக்க இயலாது. பாதியில் விடும் எச்சமே நமக்குச் செல்வம். முதல் உலகப்போரில் கோர்தைட்டு வெடிமருந்து செய்ய அசிட்டோன் என்னும் நீர்மம் வேண்டியிருந்தது. நம் நீலமலையில் அருவங்காட்டு ஆலை செய்ததும் கோர்தைட்டே. மாஞ்செசுட்டரில் இருந்த வைசுமன், மக்காச்சோள மாவை அசிட்டோனாகவும் பியூட்டனாலாகவும் மாற்றும் கதிருயிரியைக் கண்டெடுத்தார். 1917-இல் கூலம் அருகியபோது, ஆங்கிலச் சிறுவர்கள் குதிரைக் கொட்டைகளைப் பொறுக்கி மூட்டை மூட்டையாக அனுப்பினர்.

மாவும் வேண்டாது, வெறும் வளியையே உண்டு வாழும் கதிருயிரியும் உண்டு. முயற்பிழுக்கையினின்று பிரிக்கப்பட்டு, 1994-இல் அறிவிக்கப்பட்டது அது. இரும்பாலைப் புகைபோக்கி கக்கும் நச்சுக்கரிவளியை அது சாராயமாக்குகின்றது. 2018-ஆம் ஆண்டு முதல் சீனநாட்டில் ஓர் எஃகாலையில் இவ்வழி எரிசாராயம் வடிக்கின்றனர்.