சக்கரத்தின் மேல் ஒரு வீடு



அமெரிக்காவில் காற்றாலை வேலைக்காக ஊர் ஊராக மாறும் எனக்கு, காரின் பின்னால் இழுக்கும் டிரெய்லர்தான் வீடு. முதல் டிரெய்லரை உள் அலங்காரத்தில் மயங்கி வாங்கினேன். இரண்டே வருஷம்! கூரை மூட்டு வழியே தண்ணீர் இறங்கி, சுவருக்குள் மரச்சட்டம் உளுத்துப் போச்சு. உத்தரவாதப் பத்திரத்தைப் புரட்டினால், 'நிரந்தரக் குடியிருப்புக்குப் பொருந்தாது' என்று இருக்கிறது!

அடுத்த தடவை, ஈரம் அளக்கும் கருவியோடு போனேன். ஜன்னல் ஓரம், மூலைகளைச் சோதித்தேன். தரையை மிதித்துப் பார்த்தேன். குனிந்து அடிச்சட்ட வெல்டிங்கைப் பார்த்தேன். மூட்டு குறைந்த ஃபைபர்கிளாஸ் கூடாகத் தேர்ந்தெடுத்தேன். சாமான் ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கணும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும்.

வகுப்பில் நம்ம சார் சொன்னதுதான்: "பூச்சைப் பார்க்காதே, மூட்டைப் பார்!" அன்று பரீட்சைக்குப் படித்தேன், பணம் போன பிறகுதான் புரிந்தது.