சாயும் தொடுவானத்தை நேராக்குவது எப்படி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நம் ஏரியின் உபரிநீர்க் கால்வாயைத் தூர்வாரக் கோரி மனு கொடுக்கப் போகிறோம். மனுவுடன் ட்ரோன் படங்களையும் இணைக்கத் தீர்மானித்திருக்கிறோம். நம் தெரு இளைஞர்கள் வெயிலில் நின்று நல்ல படங்கள் எடுத்துத் தந்திருக்கிறார்கள். ஆனால் பாதிப் படங்களில் தொடுவானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சுற்றுலாப் படம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நம் மனுவோ எந்தக் கரை தாழ்வு, தண்ணீர் எங்கே தேங்கும் என்பதைப் பற்றியது. சாய்ந்த படத்தில் தாழ்ந்த கரை உயர்ந்ததுபோல் தெரியும். "படமே கோணலாக இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். காற்றை எதிர்த்து நிற்க ட்ரோன் தன் உடம்பைச் சாய்த்தே ஆகவேண்டும். அப்போதும் கேமராவை மட்டமாகப் பிடித்திருப்பது கிம்பல் என்ற தாங்கி. கொத்தனாரின் ரசமட்டம் செய்யும் வேலையை உள்ளே இருக்கும் உணரிகள் செய்கின்றன. எது கீழ்ப்பக்கம் என்று அவை கணித்துச் சொல்ல, சிறு மோட்டார்கள் கேமராவைத் திருப்பி நேராக்குகின்றன. வங்கிக் கணக்கில் ஆரம்ப இருப்பு தவறினால் அன்றைய கணக்கு முழுவதும் தவறுவது போலத்தான் இதுவும். உணரிகளின் மட்டம் பிசகினால் எல்லாப் படமும் ஒரே பக்கம் சாயும். வேகமாகத் திரும்பிய உடனே எடுத்த படம் மட்டும் சாய்ந்திருந்தால் கோளாறு என்று பயப்பட வேண்டாம். சில விநாடிகள் அசையாமல் நிறுத்திவிட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆகவே பறக்கவிடும் முன் செய்ய வேண்டியவை இவை. கிம்பலின் மூடியைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். புல், மணல் மேல் வைக்காதீர்கள். சிறு ட்ரோன்களில் புல் நுனியே கேமராவைத் தடுக்கும். ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் வையுங்கள். சாய்வு தொடர்ந்தால் கிம்பல் அளவுத்திருத்தம் செய்யுங்கள். டிஜேஐ ஃப்ளை செயலி வைத்திருப்பவர்களுக்கு இது 'கன்ட்ரோல்' பகுதியில் இருக்கிறது. தானியங்கி முறை, கையால் திருத்தும் முறை இரண்டும் உண்டு. தானியங்கி முறைக்கு ட்ரோன் மட்டமான இடத்தில், அசையாமல் இருக்க வேண்டும். மொட்டை மாடித் தளம் மழைநீர் வடியச் சரிவாகக் கட்டப்பட்டது, அங்கே செய்யாதீர்கள். வீட்டுக்குள் மேஜை மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எடுத்து முடித்த படங்களைக் கணினியிலோ கைபேசியிலோ திருப்பி நேராக்கலாம். ஸ்னாப்சீட் செயலியில் 'ரொட்டேட்' போதும். ஆனால் அதற்கும் விலை உண்டு. 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் 1 டிகிரி சாய்வு என்றால் இரண்டு ஓரங்களுக்கும் உயரத்தில் சுமார் 70 புள்ளி வித்தியாசம். நேராக்கும்போது ஓரங்கள் வெட்டுப்படும். 4:3 வடிவப் படத்தில் 1 டிகிரிக்கு ஏறத்தாழ 4.5 சதவீதப் பரப்பு போய்விடும். 3 டிகிரிக்கு 12 சதவீதம். நாம் காட்ட நினைத்த கால்வாய் முனையே அதில் காணாமல் போகலாம். அதனால் எடுக்கும்போதே நான்கு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

எதை வைத்து நேராக்குவது என்பதுதான் முக்கியம். ஏரியின் எதிர்க்கரையை மட்டக்கோடாகக் கொள்வது பலருடைய வழக்கம். நின்ற தண்ணீர் மட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் எதிர்க்கரையின் ஒரு முனை நமக்கு அருகிலும் மறுமுனை தொலைவிலும் இருந்தால், நேரான படத்திலும் அந்த நீரோரம் சாய்வாகத்தான் விழும். அதை நேராக்கினால் சரியான படத்தைக் கெடுத்தவர்களாவோம். குன்றின் உச்சியும் சாலையும் அப்படியே. கண்ணுக்குத் தெரிந்தால் தொலைதூரத் தொடுவானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அது சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். புகைமூட்டத்தில் தெரியவில்லையா? படத்தின் நடுவில் இருக்கும் மேல்நிலைத் தொட்டியையோ கட்டடத்தின் மூலையையோ செங்குத்தாக வையுங்கள். ஓரத்துக் கட்டடங்களை நம்ப வேண்டாம். கேமரா கீழ்நோக்கிப் பார்க்கும்போது அவை வெளிப்பக்கம் சாய்ந்துதான் தெரியும்.

கடைசியாக, பேரேட்டில் நாங்கள் கடைப்பிடித்த ஒரு வழக்கம். தவறான எண்ணை அழிக்க மாட்டோம். அது படிக்கும்படி ஒரு கோடு அடித்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுவோம். மூலப் படத்தைத் தொடாதீர்கள். நகலை நேராக்கி, எத்தனை டிகிரி, எந்தப் பக்கம் திருப்பினோம் என்று பெயரிலேயே எழுதுங்கள். மனுவில் இரண்டையும் கொடுப்போம். எவ்வளவு நேராக்கினாலும் படம் மட்ட அளவீடு ஆகாது. கரையின் உயரத்தை அளவைக் கருவி வைத்து அளக்கும்படி மனுவிலேயே கேட்போம்.

250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோனுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பைலட் சான்றிதழ் தேவையில்லை. என்றாலும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நம் பகுதி என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அடுத்தவர் பால்கனிப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

மழை தொடங்குவதற்குள் சாய்ந்த படங்களை மறுபடி எடுத்துவிடலாம். ரசமட்டம் வைத்திருப்பவர்கள் சங்க அலுவலகத்தில் ஒன்று கொடுத்து உதவுங்கள்.