வீட்டுப் பட்டறையில் பனிச்சறுக்குக் கட்டை



தமிழில் 'பனி' என்னும் ஒரே சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் துளியும் பனி. வழியை மறைக்கும் வெண்புகையும் பனி. இமயத்தின் முடியை மூடிக் கிடக்கும் வெண்படலமும் பனியே. சமவெளியிலே பிறந்து வளர்ந்த நம்மவர்க்கு மூன்றாவது பனி பெரும்பாலும் ஏட்டில் கண்டதுதான். அலுவலின் பொருட்டு வடபுலம் வந்து குடியேறிய பின்னர், குல்மர்கிலோ ஔலியிலோ அதனைக் கண்ணாரக் கண்டவர் நம்மிடையே பலர் உண்டு. அங்கே நீண்ட இரு பட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, மலைச்சரிவில் அம்பெனப் பாய்ந்து வருவோரையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். அப்பட்டைகளுக்கு ஸ்கீ என்று பெயர். பனிச்சறுக்குக் கட்டை என்று நாம் சொல்லலாம்.

இக்கட்டைகளைக் கடையில் வாங்காமல், தம் வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்வோர் குளிர் நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் அதனை எவ்வாறு செய்கின்றனர், கடையில் எளிதாகக் கிடைக்கும் பொருளுக்காக ஏன் இத்துணைப் பாடுபடுகின்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஸ்கீ என்னும் சொல்லின் வேரிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. பழைய நார்வே மொழியில் அதன் மூலச் சொல்லுக்குப் பிளந்த மரத்துண்டு என்று பொருள். மரத்தைப் பிளந்தவனே அதனைச் செதுக்கினான். செதுக்கியவனே அதன்மேல் ஏறிச் சென்றான். நார்வேயின் டிகெர்வார்டன் மலையில் உருகிய பனிக்கட்டியின் அடியிலிருந்து 2014-ஆம் ஆண்டில் ஒரு கட்டையும், 2021-ஆம் ஆண்டில் அதன் இணையும் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் வயது ஏறத்தாழ 1300 ஆண்டுகள். பின்னர்க் கிடைத்த கட்டை 187 சென்டிமீட்டர் நீளமும் 17 சென்டிமீட்டர் அகலமும் உடையது. இரண்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இல்லை. பழுதுபார்த்துப் பயன்படுத்திய அடையாளமும் அவற்றில் உண்டு. ஆசியாவின் அல்தாய் மலைப் பகுதியிலோ, மரத்தை இழைத்து வளைத்து, அடியில் குதிரைத் தோல் போர்த்து, தமக்கு வேண்டிய கட்டைகளைத் தாமே செய்துகொள்ளும் வழக்கம் நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. தோலின் மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் இறங்கும்போது கட்டை வழுக்கும். ஏறும்போது பின்வாங்காமல் பற்றிக்கொள்ளும்.

இக்காலப் பனிச்சறுக்குக்கு வழிகாட்டியவர் என்று போற்றப்படும் சோன்ட்ரே நோர்ஹெய்ம் ஓர் ஏழைக் குடியானவர். நார்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்னும் சிற்றூரில் 1825-ஆம் ஆண்டில் பிறந்தவர். கட்டையின் முனைகள் அகன்றும் நடுப்பகுதி ஒடுங்கியும் இருந்தால், சாய்ந்த மாத்திரத்தில் அது தானே திரும்பும் என்பதைத் தம் கையால் செய்த கட்டைகளைக் கொண்டே அவர் உலகுக்குக் காட்டினார். 1952-ஆம் ஆண்டில் ஓஸ்லோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றபோது, அதற்குரிய சுடர் அவருடைய பழைய வீட்டு அடுப்பங்கரையிலேதான் ஏற்றப்பட்டது.

ஆலைகள் தோன்றிய பின்னரும், புதுமைகள் பல சிறு பட்டறைகளிலிருந்தே வந்தன. அமெரிக்க விமானப் பொறியியலாளர் ஹோவர்டு ஹெட், மரக்கட்டைகளின் கனத்தைக் கண்டு சலித்து, 1947-ஆம் ஆண்டு முதல் அலுமினியத் தகடுகளை ஒட்டிக் கட்டைகள் செய்யத் தொடங்கினார். முதலில் செய்தவை பனியில் ஒடிந்தன. ஒடிந்த இடத்தை ஆராய்ந்து மறுபடியும் செய்தார், அவையும் ஒடிந்தன. இப்படி மூன்றாண்டுகள் முயன்ற பிறகே அவருடைய கட்டை சந்தைக்கு வந்தது. 1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தம் மகள் நின்று சறுக்குவதற்காக இரு கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். ஒற்றைப் பலகையில் இரு காலையும் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டு என்னும் விளையாட்டுக்கு முன்னோடியாக அமைந்தவற்றுள் அதுவும் ஒன்று. மரங்களைப் பிணைத்துக் கடலில் மிதக்கவிட்ட நம் கட்டுமரக்காரர் இதனைக் கேட்டால் வியப்படையமாட்டார். அவ்விளையாட்டு 1998-ஆம் ஆண்டில் நகானோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

இனி, செய்யும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது, உள்ளே இருக்கும் மரம். பாப்லார், ஆஷ், மேப்பிள், மூங்கில் ஆகியவற்றை மெல்லிய சட்டங்களாக அறுத்து, பக்கவாட்டில் ஒட்டி ஒரே பலகையாக்குவார்கள். ஒரே மரத்துண்டாயின் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். பல சட்டங்களாயின் ஒன்றன் குறையை மற்றொன்று தாங்கும். பின்னர் அதனை நடுவில் 10 அல்லது 11 மில்லிமீட்டர் கனமும், இரு முனைகளில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமும் இருக்குமாறு இழைப்பார்கள். இங்கேதான் கையின் பொறுமை சோதிக்கப்படுகிறது. பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்து மாறுவது. 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 11 மில்லிமீட்டர் இருந்துவிட்டால், விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இழைப்புளியின் சில இழுப்புகள் குறைந்தால், மெலிந்த உடலுக்கு வளையாத கட்டையாகிவிடும். சில இழுப்புகள் மிகுந்தால், கனத்த உடலைத் தாங்காத கட்டையாகிவிடும்.

இரண்டாவது, இடையின் ஒடுக்கம். பனியைத் தொடும் நீளம் 160 சென்டிமீட்டர் என்றும், பக்கவாட்டு வளைவின் ஆழம் 2 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். நீளத்தை அதனாலேயே பெருக்கி, ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் 1600 சென்டிமீட்டர், அதாவது 16 மீட்டர் வரும். அவ்வளைவு எந்த வட்டத்தின் பகுதியோ, அவ்வட்டத்தின் ஆரை அது. ஆழத்தை மிகுத்தால் கட்டை குறுகத் திரும்பும். குறைத்தால் அகன்று திரும்பும். நோர்ஹெய்ம் கண்ணளவால் அறிந்ததை இன்று பள்ளி மாணவனும் காகிதத்தில் கணக்கிட்டு விடலாம்.

மூன்றாவது, அடுக்குதல். அடியில் வழுக்கும் தன்மையுள்ள பாலிதீன் தகடு; அதன் ஓரங்களில் பனிக்கட்டியைக் கடிக்கும் எஃகு விளிம்பு; அதன்மேல் கண்ணாடி இழைத் துணி; பிறகு மரம்; மறுபடியும் கண்ணாடி இழைத் துணி; எல்லாவற்றுக்கும் மேலே மேல்தகடு. இவற்றை எபாக்சி என்னும் பிசின் ஒன்றாக்குகிறது. கட்டை வளையும்போது ஒருபுறத்துக் கண்ணாடி இழை இழுபடும், மறுபுறத்தது நெருக்கப்படும், நடுவிலுள்ள மரம் இரண்டையும் விலக்கி நிறுத்தும். அடுக்குகள் பிரியாதவரையே இந்த வலிமை. பிசினின் இரு பகுதிகளையும் அளவு பிசகாமல் கலக்க வேண்டும். கலந்தபின் காலம் தாழ்த்தலாகாது. பிசின் இறுகத் தொடங்கினால் அதனை இளக்க வழியில்லை.

நான்காவது, அழுத்துதல். அச்சின்மேல் அடுக்குகளை வைத்து, இரும்புச் சட்டகத்துக்குள் தீயணைப்புக் குழாயைப் படுக்கவைத்துக் காற்றேற்றுவது பலர் கையாளும் முறை. சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராம் அழுத்தம் கொடுத்தால், 180 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கட்டையின்மேல் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட சுமை விழுகிறது! சட்டகம் பலவீனமாயின் கட்டை மட்டுமன்று, செய்பவனும் ஆபத்துக்குள்ளாவான். ஆதலால், புதிதாகத் தொடங்குவோரிற் பலர், நெகிழித் திரையால் மூடி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிடும் எளிய முறையைப் பின்பற்றுகின்றனர். அங்கே வளிமண்டலத்தின் பாரமே அழுத்தும் கையாக அமைகிறது.

பிசின் நன்கு இறுகியபின் வெளியே எடுத்து, மிகுதியை அறுத்து நீக்கி, அடிப்புறத்தைத் தேய்த்துச் சமனாக்கி, மெழுகு பூசுவார்கள். கண்ணாடி இழையின் தூசி நுரையீரலுக்குக் கேடு; பிசின் தோலுக்குக் கேடு. முகமூடியும் கையுறையும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. ஒன்றை மட்டும் அறிவுடையோர் வீட்டில் செய்வதில்லை. அதுதான் காலணியைக் கட்டையோடு பூட்டும் பிணைப்பு. விழும்போது உரிய தருணத்தில் அது தானே விடுபடவேண்டும். தவறினால் கால் எலும்பு முறியும். அதனைக் கடையில் வாங்கி, பயிற்சி பெற்றவரைக்கொண்டே பொருத்திக்கொள்வார்கள்.

இத்தனை உழைப்பும் எதற்கு? சிக்கனத்துக்கு என்று சொல்வதற்கில்லை. அச்சு, சட்டகம், பிசின், வீணாகும் முதற்கட்டைகள் ஆகியவற்றின் செலவைக் கூட்டிப் பார்த்தால், கடைக்கட்டையே மலிவாக இருக்கக்கூடும். பயன் வேறிடத்தில் இருக்கிறது. நாம் நாள்தோறும் கையாளும் பொருள்களுள் பெரும்பாலானவற்றைச் செய்தவர் யாரோ; பயன்படுத்துவோர் யாரோ. பிழை நேர்ந்தால், செய்தவர் அதனை அறிவதில்லை. பயன்படுத்துவோர்க்கு அதன் காரணம் விளங்குவதில்லை. வீட்டுப் பட்டறையில் செய்த கட்டையிலோ இருவரும் ஒருவரே. பிசினைக் கலக்கும்போது காட்டிய அசட்டை, சரிவின் நடுவே அடுக்குகள் பிரியும்போது அவன் காலடியிலேயே வெளிப்படும். அந்தப் பிழையை அவன் பிறர்மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. அதே போலத் திருத்தவும் அவனால் முடியும். ஒடிந்த கட்டையை அவன் எறிந்துவிடுவதில்லை. குறுக்கே அறுத்துப் பார்க்கிறான். மரம் பிளந்ததா, பிசின் நனைக்காத இடம் இருந்ததா, விளிம்பு பெயர்ந்ததா என்று தேடுகிறான். காரணம் கண்டபின் மறுபடியும் இழைப்புளியைக் கையில் எடுக்கிறான்.

குல்மர்கின் சரிவிலே வாடகைக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொள்ளும் வாய்ப்பு நேயர்களில் எவருக்கேனும் கிடைத்தால், புறப்படுமுன் ஒரு கணம் அவற்றை நிமிர்த்திப் பக்கவாட்டில் நோக்குங்கள். ஒடுங்கிய இடையும், மெலிந்த முனைகளும், மெல்லிய எஃகு விளிம்பும் கண்ணுக்குத் தெரியும். அவற்றுள் ஒவ்வொன்றும் எவரோ ஒருவர் தாம் செய்ததன்மேல் தாமே நின்று பார்த்துக் கற்ற பாடம்.