ஏணியில் ஒரு படி

ஒரே ஆசிரியர், ஒரே அறை, இரண்டு மூன்று வகுப்புகள்; நம் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் இது புதிய காட்சியன்று. முதல் வகுப்புக்கு எழுத்துச் சொல்லித் தரும்பொழுது மூன்றாம் வகுப்பு வாளா இருக்கவேண்டும். வாளா இருக்கும் மூன்றாம் வகுப்பை எவர் கண்டார்? அதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. காய்ச்சலால் பத்து நாள் வாராதிருந்த குழந்தை திரும்பும்பொழுது பாடம் நெடுந்தொலைவு சென்றிருக்கும். அக்குழந்தை பின்னர்ப் பள்ளியை விட்டே நின்றுவிடுவதும் உண்டு.

மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் இதற்கொரு வழி கண்டனர். பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படிபோல் வரிசைப்படுத்தினர். விட்ட படியிலிருந்தே குழந்தை தொடரலாம். சென்னை மாநகராட்சி 2003இல் 13 பள்ளிகளில் இம்முறையைத் தழுவியது. 2007-08இல் அது தமிழகமெங்கும் பரவியது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தே கற்பிக்கலாயிற்று.

திட்டம் எதுவாயினும் அட்டை கிழியும், தொலையும். ஓர் அட்டை போனால் ஏணியில் ஒரு படியே இல்லை. புதியது அச்சாகி வரும்வரை குழந்தை காத்திராது. அண்டைப் பள்ளி ஆசிரியரிடம் இரவல் வாங்கித் தடித்த தாளில் எழுதிக்கொள்வதே எளிது. குறுவள மையக் கூட்டத்திற்கு வரும் ஆசிரியர்கள், பயணப்படியைப் பற்றிப் பேசி முடித்தபின், அட்டைகளை மாற்றிக்கொள்ளக் கால்மணி நேரம் போதும்.