கிராமிப் பரிசும் பாடகர்களின் மானமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், அமெரிக்காவில் வருஷந்தோறும் தொலைக்காட்சியில் காட்டப்படும் "கிராமி" என்கிற சங்கீதப் பரிசளிப்பைப் பற்றியும், அதைப்பற்றி அந்தப் பாடகர்களே என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பற்றியுமாகும். நமக்குச் சங்கீத ஞானம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பும் மிகச் சொற்பம். அப்படியிருக்க இதைப்பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். இது ராகத்தைப் பற்றிய விவகாரமாயிருந்தால் நாம் வாய் திறந்திருக்க மாட்டோம். இது நியாயத்தைப் பற்றிய விவகாரம். நியாயம் பேசுவதற்கு ராகம் தெரிய வேண்டியதில்லை.

நாம் இங்கு வரும் வழியில் ஒரு வாலிபத் தோழர், "ஐயா, அமெரிக்காக்காரன் யாருக்கோ பரிசு கொடுக்கிறான். கிடைக்காதவன் கோபித்துக்கொள்கிறான். இதில் நமக்கு என்ன வந்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குக் கடைசியில் பதில் சொல்லுகிறோம். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கிராமி என்ற பெயர் கிராமபோன் என்பதிலிருந்து வந்தது. பரிசாகக் கொடுக்கும் பொம்மையும் பழைய கிராமபோன் பெட்டியின் உருவந்தான். இசைத்தட்டுத் தொழிலில் இருந்தவர்கள் 1957-ல் ஒரு சபை ஏற்படுத்தி, 1959-ம் வருஷம் மே மாதம் முதல் பரிசுகளைக் கொடுத்தார்கள். 1971 முதல் இது தொலைக்காட்சியில் நேராகவே காட்டப்பட்டு வருகிறது. சபையின் அங்கத்தினர்களாகிய பாடகர்களும், பாட்டு எழுதுகிறவர்களும், ஒலிப்பதிவு செய்கிறவர்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. ஏற்பாட்டைக் காதால் கேட்டால் ஒரு குற்றமும் தெரியாது. நடப்பில் பார்த்தால்தான் தெரியும்.

தொலைக்காட்சி வந்ததும் என்ன நேர்ந்தது என்றால், பரிசு இரண்டு ஜாதியாகப் பிரிந்துபோயிற்று. ஊரறிய விளக்கு வெளிச்சத்தில் கொடுக்கிற பரிசு ஒன்று. தொலைக்காட்சி ஒளிபரப்பில் வராமலே கொடுத்து முடித்துவிடுகிற பரிசு மற்றொன்று. 2024-ல் மொத்தப் பரிசுகள் 94. அவற்றில் இரவு நிகழ்ச்சியில் ஜனங்கள் கண்ணால் பார்த்தவை பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்கிறவனுக்குப் பரிசு கொடுக்கிறவனைவிட அதிக அதிகாரம் வந்துவிட்டது.

1989-ம் வருஷத்தைப் பாருங்கள். தாளத்துக்குத் தக்கபடி சொல்லை அடுக்கி வேகமாகச் சொல்லும் "ராப்" என்கிற பாட்டு, நியூயார்க் நகரத்தில் ஏழைகளாகிய கறுப்பின வாலிபர்கள் தெருவில் உண்டாக்கியது. பத்துப் பதினைந்து வருஷம் அதைப் பாட்டென்றே மதிக்காமலிருந்த சபையார், அந்த வருஷந்தான் முதல் முதலாக அதற்கு ஒரு பரிசு வைத்தார்கள். வைத்தவர்கள் அதை மேடையில் கொடுப்பதைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டோம், நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கலியாண வீட்டுக்கு அழைத்து, பந்தியில் இடமில்லை, கொல்லைப்புறத்தில் இலை போட்டிருக்கிறது என்று சொன்னால் மானமுள்ளவன் என்ன செய்வான்? அதைத்தான் அவர்கள் செய்தார்கள். போட்டியில் இருந்த டி.ஜே. ஜாஸ்ஸி ஜெஃப் – ஃபிரெஷ் பிரின்ஸ் ஜோடியும், எல்.எல். கூல் ஜே என்பவரும், சால்ட்-என்-பெப்பா என்ற பெண்களும் நிகழ்ச்சிக்கே வரமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். கடைசியில் பரிசு யாருக்கு வந்தது தெரியுமா? வரமாட்டோம் என்று சொன்ன அந்த ஜோடிக்கே வந்தது! அவர்களில் ஃபிரெஷ் பிரின்ஸ் என்பவர்தான் பின்னால் சினிமாவில் பேர் பெற்ற வில் ஸ்மித். மறு வருஷம் என்ன ஆயிற்று? நேரமில்லை என்று சொன்னவர்களுக்கு நேரம் கிடைத்துவிட்டது. ராப் பரிசு தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. 1989-ல் இல்லாத நேரம் 1990-ல் எங்கிருந்து வந்தது? நாள் ஒன்றுக்கு மணி இருபத்துநாலு என்பது அப்போதும் மாறவில்லை. நாலு பேர் எழுந்து நின்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

நிற்க, அந்த 1990-லேயே நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. அந்த வருஷத்தின் சிறந்த புதுப் பாடகர் என்ற பரிசு மில்லி வனில்லி என்ற இருவருக்குக் கொடுக்கப்பட்டது. சில மாதங்களில், அவர்கள் பேரால் வந்த பாட்டுகளில் அவர்கள் பாடவேயில்லை, வேறு யாரோ பாட, இவர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள் என்பது வெளியாயிற்று. நவம்பர் மாதத்தில் பரிசைப் பிடுங்கிக்கொண்டார்கள். யாருடைய தொண்டை என்று தெரியாமலே சிறந்த தொண்டை என்று முத்திரை குத்தியவர்கள் இவர்கள்! மனிதன் தவறுவது இயற்கை. அதை நாம் பரிகாசம் செய்யவில்லை. தவறக்கூடியவர்கள், தவறாதவர்கள் போல் நடந்துகொள்ளுவதைத்தான் கண்டிக்கிறோம்.

1991-ல் அயர்லாந்து தேசத்துப் பெண்பிள்ளை சினேட் ஓ'கானர் என்பவருக்குப் பரிசு கொடுத்தார்கள். அவர் வாங்க மறுத்தார். கலையின் உண்மையைவிட, எவ்வளவு விற்றது, எவ்வளவு பணம் வந்தது என்பதையே இந்த மேடை பெரிதாக மதிக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அப்போது அவருக்கு வயது இருபத்துநாலு.

இங்கே சிலர், "எட்டாத பழம் புளிக்கும் என்ற நரிக் கதைதானே இது? கிடைக்காதவர்கள் பொறாமையால் பேசுகிறார்கள்" என்று சொல்லுவார்கள். தோழர்களே, கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். 1989-ல் வரமறுத்தவர்களில் ஒரு ஜோடியே பரிசு பெற்றது. சினேட் ஓ'கானர் பரிசு பெற்றவர். 2017-ல் வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்ற பெரிய பரிசைப் பெற்ற வெள்ளைக்காரப் பெண் அடீல், அந்த மேடையிலேயே நின்றுகொண்டு, இதை நான் ஏற்க முடியாது, கறுப்பினத்துப் பாடகியாகிய பியான்சேயின் ஆல்பமே நம்மையெல்லாம் அசைத்தது என்ற கருத்துப்படப் பேசினார். 2019-ல் டிரேக் என்ற ராப் பாடகர் பரிசைக் கையில் வைத்துக்கொண்டே, உங்கள் பாட்டைச் சொல்லுக்குச் சொல் ஜனங்கள் பாடுகிறார்கள், மழையிலும் பனியிலும் உழைத்த காசைக் கொடுத்துக் கேட்க வருகிறார்கள் என்றால் நீங்கள் ஏற்கெனவே ஜெயித்தவர்கள், இது வேண்டியதில்லை என்று சொன்னார். அவர் மேலும் பேச வாயெடுக்கும்போது ஒளிபரப்பு விளம்பரத்துக்குப் போய்விட்டது. அவர் முடித்துவிட்டதாக நினைத்தோம் என்று நிகழ்ச்சிக்காரர்கள் பின்னால் சமாதானம் சொன்னார்கள். அது எப்படியானாலும், இவர்களெல்லாம் பழம் கைக்கு எட்டியவர்கள். இவர்களை நரி என்பது எந்த அறிவில் சேர்ந்தது?

பியான்சேயின் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். 2023-ல் அவர் பெற்ற கிராமிகள் 32 ஆயின. சரித்திரத்தில் அவ்வளவு வாங்கினவர் அதற்கு முன் ஒருவரும் இல்லை. ஆனால் வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்ற தலைப் பரிசுக்கு நாலு தடவை பெயர் வந்தும் நாலு தடவையும் கிடைக்கவில்லை. 32 தடவை திண்ணையில் உட்காரவைத்து உபசரித்தார்கள். கூடத்துக்குள் மட்டும் விடவில்லை. 2024-ல் அவர் கணவர் ஜே-ஸி அதே மேடையில் நின்று, எல்லாரையும்விட அதிகப் பரிசு பெற்றவருக்கு இந்தப் பரிசு ஒரு தடவைகூட வரவில்லையே, உங்கள் கணக்கே உங்களுக்குப் பொருந்தவில்லையே என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். 2025-ல் அது பியான்சேக்குக் கிடைத்தது. 1999-ல் லாரின் ஹில் பெற்றதற்குப் பிறகு 26 வருஷம் கழித்து அதைப் பெற்ற கறுப்பினப் பெண் அவர்தான். இந்த 26 வருஷம் கறுப்பினப் பெண்களுக்கு எல்லாம் தொண்டை கட்டிப்போயிருந்ததா?

இன்னொருவர், டைலர் த கிரியேட்டர் என்பவர், 2020-ல் ராப் ஆல்பத்துக்கான பரிசு பெற்ற இரவே பத்திரிகைக்காரர்களிடம், எங்கள் நிறத்தவர்கள் எந்த மாதிரிப் புதுமை செய்தாலும் ராப் என்றோ, "நகரத்துச் சங்கீதம்" என்றோ ஒரு மூலையில் தள்ளிவிடுகிறீர்கள் என்று சொன்னார். அதே வருஷம் ஜூன் மாதம் ஒரு பரிசின் பெயரிலிருந்து அந்த "நகரத்து" என்ற சொல்லைச் சபையார் எடுத்துவிட்டார்கள். சொல்லை எடுத்ததால் எல்லாம் சரியாய்ப் போயிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்டதனால் எடுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். 1995 முதல் தலைமையான நாலு பரிசுகளுக்கு ஒரு ரகசியக் கமிட்டி இருந்தது. அங்கத்தினர்கள் ஓட்டுப் போட்டு முன்னுக்கு வந்த இருபது பேரை அந்தக் கமிட்டி ஓர் அறைக்குள் உட்கார்ந்து சலித்து, இறுதிப் போட்டிக்கு யார் என்று தீர்மானிக்கும். கமிட்டியில் யார் யார் என்று வெளியில் சொல்லமாட்டார்கள். முன்னணியில் இருந்தவனைத் தள்ளினார்களா, பின்னால் இருந்தவனைத் தூக்கினார்களா என்று கேட்கவும் வழியில்லை. பேருக்கு ஓட்டு, காரியத்துக்குக் கதவடைத்த அறை.

2020 நவம்பரில் போட்டியாளர் பட்டியல் வெளியாயிற்று. கனடாவில் பிறந்த, எத்தியோப்பியப் பெற்றோரின் மகனான "த வீக்எண்ட்" என்ற பாடகரின் பெயர் அதில் ஓர் இடத்திலும் இல்லை. அந்த வருஷம் அவருடைய "பிளைண்டிங் லைட்ஸ்" என்ற பாட்டு உலகமெங்கும் ஒலித்தது. அமெரிக்காவின் முதல் பத்துப் பாட்டுகளின் வரிசையில் மொத்தம் 57 வாரம் இருந்தது. அவர், கிராமி ஊழல் பிடித்தது, எனக்கும் என் ரசிகர்களுக்கும் நீங்கள் விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று எழுதினார். 2021 மார்ச்சில், இந்த ரகசியக் கமிட்டிகளால் இனி என் பாட்டைப் போட்டிக்கே அனுப்ப விடமாட்டேன் என்று அறிவித்தார்.

அவர் கேட்டதன் தன்மையைக் கவனிக்க வேண்டும். எனக்கு ஒரு பரிசு கொடு என்று அவர் கேட்கவில்லை. தீர்ப்புச் சொல்லுகிறவன் யார், எந்த விதிப்படி சொல்லுகிறான், காட்டு என்று கேட்டார். முன்னது பிச்சை, பின்னது உரிமை. பிச்சை கேட்டிருந்தால் மறு வருஷம் ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து வாயை மூடியிருப்பார்கள். உரிமை கேட்டதனால், 2021 ஏப்ரல் 30-ந் தேதி ரகசியக் கமிட்டிகளைப் பெரும்பாலான பரிசுகளுக்கு எடுத்துவிடுவது என்று சபையே தீர்மானம் செய்ய வேண்டியதாயிற்று. அதற்குப்பின் தலைமையான பரிசுகளுக்கு அங்கத்தினர்களின் ஓட்டே இறுதிப் போட்டியாளர்களைத் தீர்மானிக்கிறது. 26 வருஷமாக இது இல்லாவிட்டால் தரம் கெட்டுவிடும் என்று சொல்லி வைத்திருந்ததை ஒரு நாள் தீர்மானத்தில் எடுத்தார்கள். சங்கீதம் ஒன்றும் செத்துப்போகவில்லை.

2025 பிப்ரவரியில் அதே வீக்எண்ட் அந்த மேடையில் வந்து பாடினார். "பார்த்தீர்களா, வீறாப்புப் பேசினவர் மடங்கி வந்துவிட்டார்" என்று சிலர் சிரித்தார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அழுக்காயிருக்கிறது என்று ஒரு வீட்டுக்குப் போக மறுத்தவன், அவர்கள் பெருக்கிச் சுத்தம் செய்த பிறகு போனால் அது தோல்வியல்ல. ஒன்றும் மாறாமலிருக்கும்போது போனால்தான் அது தோல்வி. சுத்தம் முழுதும் ஆகிவிட்டதா என்பதை இனி வரும் வருஷங்களில் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும்.

இதில் மற்றொன்றும் உண்டு. டிரேக்குக்கும் வீக்எண்டுக்கும் பணம் குறைவில்லை. பரிசு வேண்டாம் என்று சொன்னால் அடுப்பு எரியாமல் போகாது. ஆனால் யாருக்கோ பின்னால் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிறவனுக்கும், ஜாஸ் சங்கீதத்தையோ நாட்டுப் பாடலையோ நம்பிப் பிழைக்கிறவனுக்கும், அந்தப் பொம்மை ஒன்று கிடைத்தால் கச்சேரிக் கூலி உயரும். நாலு இடத்தில் கூப்பிடுவார்கள். அவனை நாம், நீயும் மறுத்துவிடு என்று சொல்ல முடியாது; சொல்லுவது ஈவிரக்கமற்ற வேலை. வாய் திறந்தால் வயிறு காயும் நிலையில் உள்ளவனுக்காக, வாய் திறந்தாலும் வயிறு காயாதவன் பேச வேண்டும். இவர்களில் சிலர் அதைச் செய்தார்கள் என்பதற்காகவே நாம் அவர்களைப் பாராட்டுகிறோம்.

வாலிபத் தோழரின் கேள்விக்கு வருகிறோம். இதில் நமக்கு என்ன வந்தது? 2010-ல் நம் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு கிராமிகள் பெற்றார். நாமும் மகிழ்ந்தோம், தவறில்லை. ஆனால் 1992-ல் "ரோஜா" படம் வந்தபோதே டீக்கடை வாசலில் நின்று கேட்டவனுக்கு, இது புதுச் சங்கீதம், நல்ல சங்கீதம் என்று தெரிந்துவிட்டதா இல்லையா? அதைச் சொல்ல நமக்கு 18 வருஷமும் ஒரு கிராமபோன் பொம்மையும் வேண்டியிருந்ததா? பரிசு வந்த பிறகுதான் நல்லது என்று சொல்லுகிறவன், தன் காதை அடகு வைத்தவன் ஆவான். அடகு வைத்த காதை அங்கே அறைக்குள் உட்கார்ந்திருக்கிறவன் தன் இஷ்டம்போல் உபயோகிப்பான்.

ஆகவே தோழர்களே, பரிசே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உழைத்தவனை நாலு பேர் மத்தியில் பாராட்டுவது நல்ல காரியமே. ஆனால் உங்கள் ஊர் இளைஞர் சங்கத்துப் பாட்டுப் போட்டியானாலும், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியானாலும், நீதிபதிகள் யார், எதைக் கொண்டு மார்க் போட்டார்கள், ஏன் இவருக்கு, ஏன் அவருக்கில்லை என்று எழுந்து நின்று கேளுங்கள். கேட்கிறவனைப் பொறாமைக்காரன் என்று சொன்னால் பயப்படாதீர்கள். யோக்கியமான நீதிபதிக்கு அந்தக் கேள்வியால் ஒரு நஷ்டமுமில்லை. பதில் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருவான். கேள்விக்குக் கோபப்படுகிறவனிடந்தான் கோளாறு இருக்கிறது.